மீன் வெளியே இருக்கும் நேரம்

எங்கள் ஏரிக்கரையில் இருக்கும் தூண்டில் கடையில் ஒரு கரும்பலகை உண்டு. நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்திருக்கும். இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'கேள்விப்பட்டது'. பிடித்த மீனோடு படம் எடுத்து வந்து காட்டினால் இடது பக்கம் ஏறும். வெறும் வாயால் சொன்னால் வலது பக்கம்தான். வலது பக்கத்தை யாரும் மதிப்பதில்லை, சிரிப்பதற்குத்தான் படிப்பார்கள். முடிதிருத்துகிறவரின் மீன் ஒன்று, 'படகை அரை மணி நேரம் இழுத்துப் போனது' என்று நாலு வருஷமாக அங்கே கிடக்கிறது. அதற்கு நேர் கீழே ஒரு சனிக்கிழமை காலையில் எழுதினார்கள்: 'நீச்சல் மாஸ்டர். அறுபத்தொரு சென்டிமீட்டர்.'

நீச்சல் மாஸ்டர் என்பது என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. சமையல் நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று விருந்தாளி எதிரிலேயே சொல்லி என் மானத்தை வாங்குகிற மனுஷர். அவரைக் கொண்டுபோய் முடிதிருத்துகிறவருக்குக் கீழே எழுதினால் எனக்கு எங்கே எரியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் முப்பத்திரண்டு. எதற்கெடுத்தாலும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பார். அவ்வளவு அழகான மேல்வரிசை இந்த வட்டாரத்திலேயே கிடையாது. இருக்காதா பின்னே, எட்டு வருஷத்துக்கு முன்னால் அதைச் செய்தவளே நான்தான்.

நான் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் வேலை பார்க்கிறேன். கீழே டாக்டர் வாயைப் பார்த்து அளவெடுத்து அனுப்புவார். மேலே நான் மெழுகில் பல்வரிசை கட்டி, அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வார்த்து, தேய்த்து, மினுக்கிக் கீழே அனுப்புவேன். இருபத்தாறு வருஷமாக அதே மேசை, அதே விளக்கு, அதே பிளாஸ்டர் தூசி. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் கைவண்ணத்தில்தான். யார் யார் என்று ஒரு குருவியிடம்கூட நான் சொன்னது கிடையாது. முப்பத்திரண்டின் விஷயம் அவர் மனைவிக்கே தெரியுமா என்பது சந்தேகம். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், உங்களோடு இருக்கட்டும். கோபக்காரி என்று எனக்குப் பெயர் உண்டு, ஓட்டை வாய் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

மேசையில் மிஞ்சுகிற அக்ரிலிக்கை எறிய மனசு வராமல் ஆரம்பித்ததுதான் பொம்மை மீன். கடையில் அதற்கு லூர் என்பார்கள். எங்கள் வீட்டில் பொம்மை. எங்கள் ஏரியில் இருப்பது பாஸ் மீன். அதற்கு உடம்பில் கால்வாசி வாய். தன் வாயில் அடங்கும் எதையும் விட்டுவைக்காது. அதனால் அதற்குப் புழு குத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. காயம்பட்ட குட்டி மீன் மாதிரி ஏதாவது தண்ணீரில் தள்ளாடிப் போனால் போதும், பாய்ந்துவிடும். விரல் நீளத்தில் ஒரு உடம்பு வார்ப்பேன். வயிற்றுக்குள் இரண்டு இரும்புக் குண்டு. மோவாய்க்குக் கீழே கண்ணாடி போல ஒரு தகடு. தூண்டில் நரம்பை இழுத்தால் அந்தத் தகடுதான் பொம்மையை நீருக்குள் அமுக்கி இடுப்பை ஆட்ட வைக்கும். மேலுக்குச் சாம்பல், வயிற்றுக்கு வெள்ளை, செவுளுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறம். அந்த ரோஸ் கடைப் பொம்மை எதிலும் வராது.

கடைப் பொம்மைகளில் வயிற்றிலும் வாலிலும் மூன்று முனைக் கொக்கி தொங்கும். ஆறு முனை! ஒரு மீனுக்கு எதற்கு ஆறு? வாயில் ஒன்று குத்தும், மிச்சம் ஐந்தில் ஒன்று கண்ணிலோ செவுளிலோ ஏறும். என் பொம்மைக்கு வாலில் ஒரே ஒரு ஒற்றைக் கொக்கிதான். அதிலும் முனைக்குக் கீழே பின்பக்கமாக ஒரு குட்டி முள் இருக்கும், குத்தினது கழன்று வராமல் இருப்பதற்கு. அதை லேப் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுவேன்.

"அக்கா, இப்படிப் பண்ணினா மீன் தலையை ஒரு உதறு உதறிட்டுப் போயிடும்," என்று முப்பத்திரண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

"போகட்டும். போறதுக்குத்தானே பிடிக்கிறோம்," என்றேன்.

எங்கள் வீட்டில் மீனைப் பிடிப்பது திருப்பி விடத்தான். அதற்கு இவர் போட்ட சட்டங்கள் இருக்கின்றனவே, அப்பப்பா! கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது, மேலே இருக்கிற வழுவழுப்பு போனால் அதற்குப் புண் வரும். துணியால் பிடிக்கக்கூடாது. படகின் காய்ந்த தரையில் போடக்கூடாது. கீழ்த்தாடையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தொங்கவிடக்கூடாது, தாடை விட்டுப்போனால் அது எப்படி இரை பிடிக்கும்? மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்துப் படுத்தவாக்கில் ஏந்த வேண்டும். வலை ரப்பர் வலையாக இருக்க வேண்டும். இத்தனையும் போதாது என்று ஒன்று: மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கிற நேரம் முழுக்க நாமும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நமக்கு முட்டும்போது அதை உள்ளே விட்டுவிட வேண்டும்.

மீனை ஏந்தியவர் மட்டும் அடக்கினால் போதாது. படகில் இருக்கும் எல்லோரும்தான்.

இந்தச் சட்டத்தைப் போட்ட நாளில் இவர் நகராட்சி நீச்சல் குளத்தில் மாஸ்டர். குளத்தின் இந்தக் கரையில் மூழ்கினால் போய்த் திரும்பி இந்தக் கரையில்தான் தலையை நீட்டுவார். ஒன்றரை நிமிஷம் ஜாலியாக உள்ளே இருப்பார். அந்த மூச்சில் மீனை அளந்து, நாலு படம் எடுத்து, அதோடு சௌக்கியம் விசாரித்தே விடலாம்.

போன வருஷம் நிமோனியா வந்து வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆளைத் திருப்பிக் கொடுத்தார்களே, அதுவே போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். குளத்து வேலையை விட்டார். மாடிப்படியில் நடுவில் ஒரு தடவை நின்றுதான் ஏறுவார். மூச்சை அடக்கினால் பதினாலு நொடி. அதற்கு மேல் இருமல் வந்துவிடும். ஆஸ்பத்திரி டாக்டர் கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொன்னது.

"அந்த மூச்சுச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துங்களேன். முப்பது நொடி இருந்தா மீன் ஒண்ணும் ஆயிடாது," என்று சொல்லிப் பார்த்தேன்.

"என் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிச்சுப் பாத்துட்டா மீன் வரும்? எனக்கு மூச்சு கம்மின்னா அதுக்கு வெளியில நேரம் கம்மி. அவ்வளவுதாம்மா," என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். விடிந்ததும் தனியாகத்தான் படகில் போயிருந்தார். சின்ன பேட்டரி மோட்டார் வைத்த படகு, துடுப்புப் போட வேண்டாம். பத்து மணிக்குத் திரும்பி வந்தார். நான் சமையலறை மேசையில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"அறுபத்தொண்ணும்மா! வலைக்குள்ள தண்ணியிலேயே வச்சு, தூண்டில் கழியில நீ போட்டுக்குடுத்த அளவுக்கோட்டை வச்சு அளந்தேன். அறுபத்தொண்ணு! இடது கன்னத்துல பிறை மாதிரி வெள்ளையா ஒரு தழும்பு. படத்துக்குத் தூக்கினேன், போனை எடுக்கறதுக்குள்ள பதினாலு ஆயிடுச்சு. விட்டுட்டேன். முப்பத்திரண்டுகிட்ட சொன்னேன், வலது பக்கம் எழுதி வச்சுட்டான், விளையாட்டுப் பய."

அந்த ஏரியில் 'பார்த்தது' பக்கத்தில் இருந்த பெரிய மீனே ஐம்பத்திரண்டுதான். எனக்கு என்ன சனி பிடித்ததோ, பிளாஸ்டர் கெட்டியாகிவிடுமே என்கிற அவசரமோ, தலையை நிமிர்த்தாமல் கேட்டேன்:

"நிஜமாவா? சரியாப் பாத்தீங்களா?"

அவ்வளவுதான் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் சிரிப்பைக் காணோம். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சரிசெய்திருப்பேன். அவர் கழியைக் கழுவினார், துடைத்தார், ஸ்டூலில் ஏறிப் பரணில் வைத்தார். இறங்கும்போது ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். பொம்மையைக் கொக்கியோடு என் மேசை மேல் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. "போகலையா?" என்றால் "காத்து ஜாஸ்தி" என்பார். வெளியே ஒரு இலைகூட அசையாது. குளம் போன பிறகு அந்த மனுஷனுக்கு இருந்தது அந்த ஏரி ஒன்றுதான். அதையும் நான் ஒரு கேள்வி கேட்டுப் பரணில் ஏற்றிவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் பேசினாள். "அப்பாவுக்கு அத்தனை மாத்திரை குடுக்கறாங்க இல்ல, அதுல கண்ணுக்குப் பெருசாத் தெரிஞ்சிருக்கும்மா. நீ எதுவும் சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தாதே," என்றாள்.

"உங்கப்பனைப் பத்தி என்னடி தெரியும் உனக்கு? வை போனை!" என்று கத்திவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவளாவது இருநூறு மைல் தள்ளியிருந்து சந்தேகப்பட்டாள். நான் மூணடி தூரத்தில் உட்கார்ந்து சந்தேகப்பட்டேன்.

மூன்றாவது வாரம், லேப் மேசையில் ஒரு செட் முடித்துவிட்டு, பையில் கிடந்த அந்தப் பொம்மையை எடுத்தேன். விளக்கில் காட்டினால் பெயின்ட்டில் கீறல். பாஸ் மீனுக்கு நம்மைப் போலப் பல் கிடையாது. உப்புக் காகிதம் மாதிரி தாடை ஓரத்தில் சொரசொரவென்று இருக்கும். கடித்தால் பொம்மையில் தேய்த்த மாதிரி தடம் விழும். வழக்கமாக அது வால் பக்கம் ஓரிடத்தில் மட்டும் இருக்கும், ஏனென்றால் மிச்சப் பொம்மை வாய்க்கு வெளியே நிற்கும். இதில் மூக்கு நுனியில் ஒரு தடம், வால் நுனியில் ஒரு தடம். பொம்மை குறுக்கே உள்ளே போய், முழுசாக அடங்கி, வாய் மூடியிருக்கிறது.

அளவுகோலை வைத்தேன். எட்டரை சென்டிமீட்டர். அத்தனை அகலம் வாய் என்றால் உடம்பு எத்தனை நீளம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வாயளவை வைத்து வயிற்றைக் கழுவுகிறவள் நான்.

அழுகை வந்துவிட்டது. மீன் நிஜம் என்று தெரிந்த சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை. இருபத்தொன்பது வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன் சொன்னபோது நம்பாதவள், ஒரு பிளாஸ்டிக் கீறல் சொன்னதும் நம்பிவிட்டேனே, அந்த வெட்கம். கீழேயிருந்து டாக்டர் "என்னாச்சும்மா?" என்றார். "தூசி" என்றேன்.

இதை அவரிடம் போய்ச் சொன்னால் "ஓ, கீறல் சொன்னாத்தான் நம்புவியா?" என்று கேட்பார். கேட்கமாட்டார், நினைத்துக்கொள்வார். அது இன்னும் மோசம். ஆகவே அந்த மீனை நானே பிடித்து, படம் எடுத்து, முப்பத்திரண்டின் மூக்கில் வைத்துத் தேய்ப்பது என்று முடிவு பண்ணினேன். இவர் பெயர் இடது பக்கம் ஏறாமல் ஓயமாட்டேன். ஏறினால் கழி தானாகப் பரணிலிருந்து இறங்கும்.

சனிக்கிழமை விடியற்காலை ஸ்டூலைப் போட்டு நானே கழியை இறக்கினேன்.

"யாருக்கு?" என்றார் படுக்கையிலிருந்து.

"எனக்குத்தான். இத்தனை வருஷமாப் பொம்மை செய்யறேன், ஒரு நாள் போட்டுப் பாக்கறேன். நீங்க மோட்டாரை மட்டும் பாத்துக்குங்க."

"உனக்கு வீசத் தெரியாதே."

"எல்லாரும் பொறக்கும்போதே வீசிக்கிட்டா பொறந்தாங்க? எழுந்திரிங்க."

முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் ஃபிளாஸ்க்கில் டீயை அவரே ஊற்றிக்கொண்டார், ரப்பர் வலையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஏரி அன்று அசையாமல் கிடந்தது. நான் வீசிய முதல் வீச்சில் பொம்மை பின்னால் போய் அவர் தொப்பியைக் கவ்வியது. இரண்டாவது வீச்சு நேராக என் காலடியில் 'தொப்' என்று விழுந்தது.

"இவ்வளவு தூரம் வந்து மீன் கடிக்கும்னா நினைக்கறே?" என்று கேட்டார்.

"தொப்பியில மாட்டினது சுளுவா வந்துச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க. ஓட்டை விழல, நூல் பிரியல. அதுதான் என் கொக்கி."

சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் தடவை. அவர் சிரிப்பதைப் பார்த்ததும் மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. ஒரு நிமிஷம்தான். முப்பத்திரண்டின் பல்வரிசை ஞாபகம் வந்ததும் மறுபடி வெறி வந்துவிட்டது.

கை பழக ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு குட்டி மீன்கள் வந்தன. அவற்றை நான் தூக்கக்கூட இல்லை, தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைத் திருப்பினேன், கழன்று போய்விட்டன. பிறகு அவர் மோட்டாரை அணைத்து, கரையோரம் சாய்ந்து கிடந்த ஒரு பட்டமரத்தைக் காட்டினார்.

"அங்கதான். கொம்புக்கும் கோரைக்கும் நடுவுல போடு. ரீலை வேகமா நாலு சுத்து சுத்து, நிறுத்து. ரெண்டு எண்ணு. மறுபடி சுத்து."

போட்டேன். நாலு சுற்று. நிறுத்தினேன். ஒன்று எண்ணினேன்.

இரண்டு எண்ணவில்லை. யாரோ கதவைச் சாத்தின மாதிரி கழி கையை இழுத்தது. ரீல் அலறியது. மரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வெடித்து ஒரு தலை வெளியே வந்து உதறியது. அம்மாடி, என்ன வாய் அது!

"நரம்பைத் தளரவிடாதே! பின்முள் இல்ல, தளர்ந்தாப் போயிடும்! கழியைக் கீழ சாய்ச்சுப் பிடி! அப்படித்தான்... அப்படித்தாம்மா!"

"கத்தாதீங்க, எனக்குத் தெரியும்!" என்று நானும் கத்தினேன். ஒன்றும் தெரியாது.

ரொம்ப நேரம் விளையாடவிடக்கூடாது என்பதும் அவர் சட்டம். களைத்துப்போன மீன் விட்ட பிறகும் பிழைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். படகோரம் வந்ததும் அவர் வலையை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தார், மீன் தானாக உள்ளே வந்தது. வலையைத் தூக்காமல் நீரிலேயே வைத்துக்கொண்டார். கழியை மேலே வைத்து அளந்தோம். அறுபத்தொன்று. கூட ஒரு நூல் அளவு. இடது கன்னத்தில் நகத்தால் கீறின பிறை மாதிரி வெள்ளைத் தழும்பு.

"இதுவா?" என்றேன்.

"அதேதான்," என்றார்.

குறட்டால் கொக்கியை ஒரு திருப்புத் திருப்பினேன், வந்துவிட்டது. "படம் எடுக்கணும். போனை எடுங்க," என்றேன். அவர் போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நான் இரண்டு கையையும் நீரில் முக்கினேன். ஆழமாக மூச்சை இழுத்தேன். எனக்கு நாற்பது நொடி தாராளமாகத் தாங்கும், அது அவருக்கும் தெரியும். ஒரு கை தாடைக்கு, ஒரு கை வயிற்றுக்கு. தூக்கினேன்.

என்ன கனம்! பச்சையும் கறுப்புமாக, ஈரமாக, என் கையில் ஒரு ராணி. இவர் போனை நீட்டினார், விரலால் தொட்டார். படம் விழவில்லை. மறுபடி தொட்டார். விழவில்லை. அப்புறம்தான் புரிந்தது: வலையைப் பிடிக்க அவரும் கையை நனைத்திருந்தார். ஈர விரலை அந்தப் போன் கண்டுகொள்ளவில்லை. சட்டையில் துடைத்தார், சட்டை அதைவிட ஈரம். பேன்ட்டில் துடைத்தார், அதுவும் நனைந்திருந்தது. எங்கள் படகில் காய்ந்த துணி என்று ஒன்று ஏது? எல்லாவற்றையும் நனைத்து நனைத்து வைப்பதுதானே எங்கள் பெருமை! வேறு யாருக்கு இந்தக் கூத்து நடக்கும்?

எட்டு, ஒன்பது, பத்து என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் முப்பது இருக்கிறது, விரல் காய்ந்துவிடும், படம் விழுந்துவிடும், முப்பத்திரண்டின் மூஞ்சி எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

அவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, போனைத் தேய்த்துத் தேய்த்துத் தொட்டுக்கொண்டிருந்தார். படகில் இருக்கும் எல்லோரும் என்பதுதானே சட்டம். பதினாலைத் தாண்டி, பதினைந்து, பதினாறு. உதட்டின் நிறம் மாற ஆரம்பித்தது. நான் ஏந்தியிருக்கும் வரை அவர் விடமாட்டார். தலைகீழாக நின்று கெஞ்சினாலும் விடமாட்டார். வாயைத் திறந்து சொல்லக்கூட எனக்கு அப்போது மூச்சைக் கலைக்க வேண்டும், கலைத்தால் சட்டப்படி மீன் உள்ளே.

மீனை உள்ளே இறக்கிவிட்டேன்.

அவர் "ஹா" என்று மூச்சை விட்டு, இருமி, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் நீருக்குள் கையை வைத்து மீனை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். செவுள் திறந்து மூடியது, திறந்து மூடியது. பக்கத்தில் அவருக்கும் நெஞ்சு ஏறி இறங்கியது. எனக்கு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு வால் ஒரு தட்டுத் தட்டியது, என் முகமெல்லாம் தண்ணீர். போய்விட்டது.

"ஏம்மா விட்டே?" என்றார், இருமல் அடங்கியதும். "உனக்கு இன்னும் நிறைய மூச்சு இருந்துச்சே! இன்னும் ஒரு தடவை தொட்டிருந்தா விழுந்திருக்கும்."

"மீனுக்கு முடியலைங்க," என்றேன். "கையில தெரிஞ்சுது."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "அப்பச் சரி. படம் என்ன படம்," என்றார். ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கு முதலில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"என்னங்க, அன்னைக்கு நான் கேட்டிருக்கக் கூடாது," என்றேன்.

"எதை?"

"நிஜமான்னு."

"விடும்மா," என்றார். "நீ இன்னைக்குப் பாத்துட்டே இல்ல."

கடைக்குப் போனோம். அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. முப்பத்திரண்டு ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்கக்கா! என்ன, தொப்பியைப் பிடிச்சீங்களாமே?" என்று எல்லாப் பல்லையும் காட்டினார். கரையில் யாரோ பார்த்து, நாங்கள் வருவதற்குள் சேதி வந்துவிட்டது பாருங்கள்.

"அறுபத்தொண்ணு," என்றேன். "இவர் சொன்ன அதே மீன். கன்னத்துல தழும்பு. என் கையில வச்சிருந்தேன்."

"படம்?"

"இல்லை."

முப்பத்திரண்டு சிரிக்கத்தான் வாயெடுத்தார். அந்த நொடியில் எனக்கு என்னென்ன தோன்றியது என்று சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். 'மேல்வரிசை லூசா இருந்தா கொண்டா, சரிபண்ணித் தர்றேன்' என்று நடுக்கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் ஜென்மத்துக்கும் சிரிக்கமாட்டார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. இவர் பக்கத்தில் நின்றார். வாயை மூடிக்கொண்டேன்.

முப்பத்திரண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல உள்ளே போனது. மேலுதட்டை ஒரு தடவை தடவிக்கொண்டார். எதை நினைத்துக்கொண்டாரோ. எட்டு வருஷமாக நான் சொல்லாமல் இருப்பதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"வாயில வர்றதையெல்லாம் சொல்ற ஆள் இல்லையே அக்கா நீங்க," என்றார். எழுந்துபோய் ஈரத்துணியால் வலது பக்கத்தில் ஒரு வரியை அழித்தார். இடது பக்கம், ஐம்பத்திரண்டுக்கு மேலே எழுதினார்: 'நீச்சல் மாஸ்டர். அறுபத்தொன்று. பார்த்தது அக்கா.'

"பிடிச்சது அவதான்ப்பா இந்தத் தடவை," என்றார் இவர்.

"இருக்கட்டும். எழுதினது எழுதினதுதான்," என்றேன் நான்.

கழி இப்போது பரணில் இல்லை. கதவோரம்தான் நிற்கிறது. சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் போகிறோம். ஒரு டப்பாவில் காய்ந்த துண்டு ஒன்றை மூடி எடுத்துக்கொள்கிறோம், போன் விரலுக்கு மட்டும்.

மீனை நான் தூக்கினால் அவர் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மனசுக்குள் எண்ணுவார். பத்து வந்ததும் நான் 'ஹூம்' என்று மூச்சை விட்டு மீனை இறக்கிவிடுவேன்.

"நாப்பது வரைக்கும் தாங்குவியே! வயசாயிடுச்சும்மா உனக்கு," என்பார்.

"ஆமாங்க, முன்ன மாதிரி முடியலை," என்பேன்.